வீட்டு இலக்கும் தொழில் இலக்கும் ஒரே தாளில்

தொழிலை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும், உடம்பைக் கவனிக்க வேண்டும், பிள்ளையின் படிப்பில் கூட உட்கார வேண்டும், டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வேண்டும். சிங்கப்பூரில் வேலையும் பார்த்துக்கொண்டு சின்னதாக ஒரு தொழிலும் நடத்துகிற நம் ஆட்களிடம் "இந்த வருஷம் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இந்த நாலும் வந்துவிடும். நாலுமே நியாயமான ஆசைகள். ஆனால் தொழில் இலக்கை ஒரு நோட்டில் எழுதுகிறோம், சொந்த இலக்கை மனசுக்குள் வைத்துக்கொள்கிறோம். இரண்டும் கேட்பது அதே செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணியைத்தான் என்பது ஏப்ரல் மாதம் வந்த பிறகுதான் உறைக்கிறது. அதற்குள் நடைப்பயிற்சி நின்றிருக்கும், தொழிலும் பாதியில் நிற்கும், வீட்டில் ஒரு சண்டையும் முடிந்திருக்கும்.

அதனால் நான் யாரிடம் பேசினாலும் முதலில் சொல்வது இதுதான்: இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். வீட்டில் இருக்கிறவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். தொழிலுக்கும் வீட்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்ல பழக்கம், அதைச் செய்யத்தான் வேண்டும். நேரத்துக்கு அப்படித் தனிக் கணக்கு கிடையாது.

இலக்குக்கு முன்னால் நேரம்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் ஏழு மணி நேரம் என்று வைத்தால் 49 போச்சு. வேலை வாரத்துக்கு 44 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளையையும் சேர்த்தால் 49. உட்லண்ட்ஸிலிருந்தோ செங்காங்கிலிருந்தோ துவாஸுக்கோ சாங்கிக்கோ போய்வருகிறவர்களுக்கு பஸ், எம்ஆர்டி ரயில் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 12 மணி நேரமாவது ஆகும். மிச்சம் 58. அதில் சமையல், துணி, சந்தை, பிள்ளைகளைத் துணைப்பாட வகுப்பில் விட்டுக் கூட்டி வருவது, குளிப்பது, சாப்பிடுவது, அம்மா அப்பாவோடு போனில் பேசுவது, கோயில், ஒரு கல்யாணம், ஒரு பிறந்தநாள் எல்லாம் போனால் 18, 20 மணி நேரம் கையில் நிற்கும். அதிலும் பாதி, உடம்பு அசந்துபோய் எதையும் செய்ய முடியாத நேரம். ஆக உண்மையில் உங்கள் இலக்குகளுக்காக இருப்பது வாரத்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை என் வார்த்தையை நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வாரம் நீங்களே குறித்துப் பாருங்கள். ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இது முற்றிலும் வேறு மாதிரி வரும், இரவு ஷிப்ட் வாரத்தில் பூஜ்ஜியம்கூட வரலாம். கணவருக்கோ மகனுக்கோ தேசிய சேவை முகாம் பயிற்சி இருக்கிற வீடாக இருந்தால் அந்த வாரங்களையும் முன்கூட்டியே தாளில் அடித்துவிடுங்கள். பயிற்சி வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் போகலாம், அழைப்பு வந்த பிறகு திட்டத்தை மாற்றுவதைவிட இப்போதே இடம் விட்டு வைப்பது நல்லது.

இந்த ஒன்பது மணி நேரத்தைப் பார்த்த பிறகுதான் இலக்கு எழுத வேண்டும். வரிசை மாறினால், பத்து இலக்கு எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம்கூடத் தேறாமல், எதுவுமே நகராது. என் கணிப்பில் ஒரு சமயத்தில் ஒரு தொழில் இலக்கு, ஒரு சொந்த இலக்கு, அவ்வளவு போதும். மூன்றாவது ஒன்று வேண்டுமென்றால் அது நேரம் கேட்காத இலக்காக இருக்கட்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கணக்கு, முழுசாக

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் கைக்கு எதுவும் வராது, அதனால் ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். செங்காங்கில் வீவக வீட்டில், அதாவது அரசின் அடுக்குமாடி வீட்டில், இருக்கிற ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அலுவலக வேலை. தீபாவளி சமயத்தில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறார், சுவைக்கு நல்ல பேர். வீட்டில் கணவர், தொடக்கநிலை ஆறில் படிக்கிற மகள், இளையவன் ஒருத்தன். அவருடைய இலக்கு: "இந்த வருஷம் தீபாவளி வியாபாரத்தை நன்றாகச் செய்து, அந்தப் பணத்தில் டிசம்பரில் எல்லாரும் ஊருக்குப் போய்வர வேண்டும்."

நல்ல இலக்கு, ஆனால் இதை வைத்து வேலை செய்ய முடியாது. "நன்றாக" என்றால் எவ்வளவு? நாலு பேருக்கு டிக்கெட்டும் செலவும் சேர்த்து 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும் என்று வைப்போம். ஒரு பாக்கெட் முறுக்கு 8 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து 3.50 செலவு. கையில் நிற்பது 4.50. அப்படியென்றால் 800 பாக்கெட். ஆர்டர் வருகிற காலம் பத்து வாரம் என்றால் வாரத்துக்கு 80 பாக்கெட்.

இப்போது நேரத்துக்கு வாருங்கள். மாவு பிசைவதிலிருந்து பொரித்து, ஆறவைத்து, கட்டி, அடுப்படியைக் கழுவி முடிக்கிற வரை நாலு மணி நேரத்தில் 20 பாக்கெட் தேறும் என்று வைத்தால், மணிக்கு 5. 80 பாக்கெட்டுக்கு 16 மணி நேரம். அதற்கு மேல் எம்ஆர்டி வாசலில் நின்று கொடுப்பது, போன் வழியாகப் பேநவ்-வில் பணம் வந்ததா என்று பார்ப்பது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது என்று வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஆக 18. அக்காவிடம் இருப்பதோ 9. இது ஆசையின் குறை இல்லை, உழைப்பின் குறையும் இல்லை, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினால் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் நின்று அழ வேண்டி வரும், அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் கஷ்டம்.

இன்னொன்று, மகளுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்டில், எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எப்போதாவது வரும். அதாவது மகளுக்கு அம்மா தேவைப்படுகிற வாரங்களும் முறுக்குக்கு அம்மா தேவைப்படுகிற வாரங்களும் ஒன்றோடொன்று மோதும். இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் இது ஜனவரியிலேயே தெரிந்திருக்கும்.

சரி, ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வீவக வீட்டில் நடத்துகிற சின்னத் தொழிலுக்கு அந்த வீட்டில் குடியிருக்காத யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதி. பக்கத்து புளோக்கில் இருக்கிற நாத்தனாருக்குச் சம்பளம் கொடுத்து வரவழைப்பதும் அதில் அடங்கும். கடைகளில் வைக்கிற பெரிய பொரிப்புச் சட்டி மாதிரியான சாதனங்களுக்கும் அனுமதி இல்லை, புகையும் வாடையும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாகக் கூடாது. ஆகவே கை வேகத்தைக் கூட்டுகிற வழிகள் பெரிதாக இல்லை.

அப்போது எதை மாற்றலாம்? விலையை 9 வெள்ளி ஆக்கலாம், நல்ல பேர் இருப்பதால் பழைய வாடிக்கையாளர்கள் ஒரு வெள்ளிக்காக ஓடிவிட மாட்டார்கள். பாக்கெட்டுக்கு 5.50 நிற்கும். கொடுத்து வாங்குகிற வேலையை, அதாவது டெலிவரியையும் வாட்ஸ்அப்பையும், கணவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அக்காவின் 9 மணி நேரமும் அடுப்புக்கே போகும், வாரத்துக்கு 45 பாக்கெட். பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வை ஒட்டி மூன்று வாரம் அடுப்பையே மூடிவிடலாம், அந்த மூன்று வாரமும் மாலை நேரம் மகளுக்கு. மிச்சம் ஏழு வாரத்தில் 315 பாக்கெட். தேர்வு முடிந்து தீபாவளிக்கு முன்னால் மூன்று நாள் வருடாந்திர விடுப்பு எடுத்து நாளுக்கு எட்டு மணி நேரம் செய்தால் இன்னும் 120. மொத்தம் 435 பாக்கெட், ஏறக்குறைய 2,400 வெள்ளி.

3,600-க்கு 1,200 குறைகிறது. இந்த 1,200-ஐ எங்கிருந்து கொண்டுவருவது என்பது குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். கணவரின் வருடக் கடைசி போனஸிலிருந்து எடுக்கலாம். பயணத்தைப் பொங்கலுக்குத் தள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், ஆனால் அப்போது இங்கே பள்ளி திறந்துவிடும், அதனால் அது சரிவராது. ஜனவரியிலிருந்து மாதம் 100 வெள்ளி எடுத்து வைத்தாலும் பன்னிரண்டு மாதத்தில் அது வந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஆனால் இந்தப் பேச்சு ஜனவரியில் நடந்தால் அது திட்டம், அக்டோபரில் நடந்தால் சண்டை.

இவ்வளவு நீளமாக இந்த உதாரணத்தைச் சொன்னதற்குக் காரணம், ஏர்கான் சர்வீஸ் செய்கிறவரோ, வீட்டில் தையல் வைத்திருப்பவரோ, துணைப்பாட ஆசிரியரோ, யாராக இருந்தாலும் இந்தக் கணக்கு இதே வழியில்தான் போகும். எவ்வளவு பணம் வேண்டும், ஒரு வேலையில் கையில் எவ்வளவு நிற்கும், எத்தனை வேலை, ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம், என்னிடம் எத்தனை மணி நேரம். கடைசி இரண்டு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை.

விதிகள், சுருக்கமாக

இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய சில விஷயங்கள். ஊரிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கிறவர்கள் இங்கே சொந்தமாகத் தொழில் தொடங்கவோ வேறு வேலை பார்க்கவோ கூடாது, வார இறுதியில் சின்னதாகச் செய்வதும் உட்பட. தம்பிகளே, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வேலையே போய்விடும். நீங்கள் செய்யக்கூடிய இலக்குகள் படிப்பும் சேமிப்பும், அவற்றைக் கீழே பார்க்கலாம்.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும், அடையாள அட்டையில் இருக்கிற சொந்த முழுப்பெயரில் தனியாகத் தொழில் செய்தால் அக்ராவில், அதாவது தொழில்களைப் பதிவு செய்கிற அரசு அமைப்பில், பதிவு தேவையில்லை. கடைக்கு என்று ஒரு பெயர் வைத்தால் பதிவு வேண்டும். சொந்தத் தொழிலில் செலவு போக வருஷ வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும், முழுநேர வேலையில் ஏற்கெனவே மசேநிதி (மத்திய சேமநிதி) கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். லாபத்தைக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம், அப்புறம் கடிதம் வந்ததும் திடுக்கிட்டுப் போகிறார்கள். வரவு செலவு ரசீதுகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், ஒரு பழைய பிஸ்கட் டின் போதும், போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி. ஜிஎஸ்டி 10 லட்சம் வெள்ளி விற்பனையைத் தாண்டினால்தான் கட்டாயம், நம்மில் பலருக்கு இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சொந்த இலக்குகள்

சொந்த இலக்கு என்றதும் உடம்பு, படிப்பு, பணம் மூன்றும்தான் அதிகம் வருகிறது. மூன்றும் மூன்று விதம், அதனால் ஒரே மாதிரி எழுதக் கூடாது.

உடம்பு விஷயத்தில் "பத்து கிலோ குறைக்க வேண்டும்" என்பதை எழுதாதீர்கள் என்று சொல்வேன். எடை உங்கள் கையில் முழுசாக இல்லை, எப்போது நடக்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. "திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து ஈசூன் எம்ஆர்டியில் இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல் நேரே குளத்தோரம் நாற்பது நிமிஷம் நடப்பேன்" என்று எழுதுங்கள். நாள், நேரம், இடம், எதற்குப் பிறகு, எல்லாம் இருக்கிறது பாருங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார், இந்தச் சூழ்நிலை வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று மட்டும் நினைக்கிறவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் காட்டியது. "இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல்" என்பதுதான் அந்த வாக்கியத்தின் உயிர். வீட்டுக்குள் போய் ஃபேன் காற்றில் உட்கார்ந்துவிட்டால் யாரால் எழுந்திருக்க முடியும்?

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் மனசு விட்டுப்போகிறவர்கள் பாவம். லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வருகிற நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான். அதனால் மழை வந்து ஒரு புதன்கிழமை போனால் போகட்டும், வெள்ளிக்கிழமை நடங்கள்.

படிப்பு. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சிக் கணக்கில் 500 வெள்ளி போடப்பட்டது, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இன்னும் 4,000 வெள்ளி, அது குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு மட்டும். பணம் இருக்கிறது என்பதற்காகப் போய் ஏதோ ஒரு வகுப்பில் சேராதீர்கள். அந்தச் சான்றிதழ் கையில் வந்த மறுநாள் எதைச் செய்வீர்கள் என்று ஒரு வரி எழுத முடிந்தால் சேருங்கள். எழுத முடியாவிட்டால் அந்த ஒன்பது மணி நேரத்தை வேறு எதற்காவது கொடுங்கள். வேலை அனுமதியில் இருக்கிற தம்பிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஆனால் பாதுகாப்புப் பயிற்சி, வெல்டிங், மின்வேலை என்று நிறுவனமே அனுப்புகிற வகுப்புகள் உண்டு. மேற்பார்வையாளரிடம் போய், "அண்ணே, அடுத்த பேட்ச்சில் என் பேரையும் போடுங்கள்" என்று கேட்பதுதான் அங்கே முதல் படி, அதைக் கேட்கிற நாளைத் தாளில் எழுதுங்கள்.

பணம். நான் முன்னால் சொன்ன, நேரம் கேட்காத மூன்றாவது இலக்கு இதுதான். சம்பளம் வருகிற அன்றே குறிப்பிட்ட தொகை தானாக இன்னொரு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் அதற்குப் பிறகு மன உறுதி எதுவும் தேவையில்லை. மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைச் சேமிப்போம் என்றால், மிச்சம் இருக்காது. ஊருக்கு அனுப்புகிற பணத்துக்கும் இதே முறைதான்: தொகை எவ்வளவு என்பதைக் குடும்பத்தோடு பேசி ஒரு வருஷத்துக்கு நிலையாக வைத்துவிடுங்கள், ஒவ்வொரு போன் அழைப்பிலும் மாறிக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் நிற்காது. ஊரில் இருப்பவர்களிடம் "இவ்வளவுதான் முடியும்" என்று சொல்வது லேசு இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர்களாலும் திட்டமிட முடியும்.

வருஷக் கணக்கு வேண்டாம், பள்ளித் தவணைக் கணக்கு போடுங்கள்

பன்னிரண்டு மாத இலக்கு ரொம்ப நீளம். டிசம்பர் தூரத்தில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே ஜூன் வரை ஓடிவிடும். இங்கே பிள்ளை இருக்கிற வீடுகளின் வாழ்க்கை பள்ளியின் நாலு தவணையை ஒட்டித்தான் ஓடுகிறது, ஒவ்வொன்றும் பத்து வாரம், நடுவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வார விடுமுறை, ஜூனில் நாலு வாரம், வருஷக் கடைசியில் ஆறு வாரம். இலக்கையும் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தவணைக்கு ஒரு தொழில் இலக்கு, ஒரு சொந்த இலக்கு. விடுமுறை வாரத்தில் எதையும் நகர்த்த நினைக்காமல், நடந்ததைப் பார்த்து அடுத்த பத்து வாரத்துக்கு எழுதுங்கள். பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் இந்த அளவு நன்றாகவே பொருந்துகிறது, தைப்பூசம், நோன்புப் பெருநாள், தேசிய தினம், தீபாவளி என்று நாட்காட்டி எப்படியும் நம்மை இழுக்கத்தானே செய்கிறது.

காலம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள், நாம் எல்லாருமே குறைத்துத்தான் போடுவோம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள், சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள், நாமும் அதையேதான் செய்கிறோம். ஆகவே நாலு வாரம் என்று தோன்றினால் ஆறு வாரம் என்று எழுதுங்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்று ஞாபகம் இருந்தால் அந்த எண்ணை அப்படியே போடுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஞாயிறு இருபது நிமிஷம்

எழுதியதைத் தொடர்ந்து செய்ய வைப்பது இந்த இருபது நிமிஷம்தான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. ஞாயிறு மாலை, காப்பி போட்டதும், தாளோடு உட்காருங்கள். போன வாரம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த வாரம் எந்த நாள் எந்த நேரம். இவ்வளவுதான் பேச்சு. ஏன் நடக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கத் தொடங்கினால் அடுத்த ஞாயிறு யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் "ஏன் செய்யலை" என்ற கேள்வியையே விட்டுவிட்டு "இந்த வாரம் எப்போது?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரே வேலை இரண்டு வாரம் தொடர்ந்து நடக்கவில்லை என்றால் அந்த வேலையை மாற்றுங்கள், உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் வேலை பெரிதாக இருக்கும். "வாடிக்கையாளர்களிடம் பேசுவது" என்று எழுதியிருப்பீர்கள், அது நகராது. "செவ்வாய் மதிய இடைவேளையில் போன வருஷம் வாங்கிய மூன்று பேருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது" என்று எழுதினால் நகரும். சில சமயம் வேலை சின்னதுதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கும்: விலை ஏற்றியதைச் சொல்லத் தயக்கம், பாக்கியைக் கேட்கக் கூச்சம். நம் ஆட்களுக்குத் தெரிந்தவரிடம் பணம் கேட்பது பெரிய பாடு. அந்தச் செய்தியை வீட்டில் இன்னொருவர் எழுதிக் கொடுக்கட்டும், நீங்கள் அனுப்புங்கள், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

தனியாக இருக்கிறவர்கள் ஒரு நண்பரோடு போனில் இதைச் செய்யலாம், தங்குவிடுதியில் ஒரே அறையில் இருக்கிற தம்பிகள் ஞாயிறு சமைத்துச் சாப்பிட்ட பிறகு செய்யலாம். ஊருக்கே சொல்லி வைக்க வேண்டியதில்லை, உண்மையாகக் கேட்கிற ஒரு ஆள் போதும்.

கூட்டாகத் தொழில் செய்கிறவர்களுக்கு

அண்ணன் தம்பியோ நண்பர்களோ சேர்ந்து தொழில் நடத்தினால், தொழில் இலக்கைப் பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் சொந்த இலக்கைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இரண்டாவது கடை திறக்க நினைப்பார், இன்னொருவர் தினமும் ஏழு மணிக்கு வீட்டில் இருக்க நினைப்பார். இரண்டும் தப்பில்லை, ஆனால் இருவரும் "தொழிலை வளர்ப்போம்" என்ற ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஒரு வருஷம் கழித்து "நான் மட்டும் மாடாக உழைக்கிறேன்" என்று மனக்கசப்பு வரும். யார் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுப்பார், எவ்வளவு எடுத்துக்கொள்வார், விலகுவதென்றால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர்களாக இருந்தால் இரண்டு மடங்கு அவசியம்.

விடுவதையும் எழுதுங்கள்

தாளின் பின்பக்கத்தில் இந்தத் தவணை செய்யப்போவதில்லை என்று முடிவு செய்தவற்றை எழுதுங்கள். பிஎஸ்எல்இ வாரங்களில் ஆர்டர் எடுப்பதில்லை. வியாழக்கிழமை இரவு எந்தக் கூட்டமும் இல்லை. புது யூடியூப் சேனல் இந்த வருஷம் இல்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது கேட்கும்போது "இல்லை" என்று சொல்ல வாய் வரும், இல்லாவிட்டால் நல்ல மனசோடு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு அந்த ஒன்பது மணி நேரத்தையும் இழப்போம்.

ஒரு இலக்கை நடுவில் கைவிட வேண்டி வந்தாலும் அதை அப்படியே தேதி போட்டு, என்ன காரணம் என்று ஒரு வரி எழுதிப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், வேலையில் ஆட்குறைப்பு வரும், இதெல்லாம் வாழ்க்கையில் வரத்தான் செய்யும். அந்த ஒரு வரி இருந்தால் அடுத்த தவணைக்கு உட்காரும்போது அதை எடுக்கலாமா வேண்டாமா என்று புதிதாகப் பார்க்க முடியும்.

தீபாவளிக்கு விற்கிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். பண்டிகை முடிந்த வாரமே, அலுப்பு தீர்வதற்குள், எத்தனை பாக்கெட் விற்றது, எது மீந்தது, எந்த நாள் கை ஓய்ந்துபோனது, யார் யார் மறுபடி கேட்டார்கள், மணிக்கு உண்மையில் எத்தனை தேறியது என்று குறித்து வையுங்கள். இந்த எண்கள் ஜனவரிக்குள் மறந்துவிடும், அடுத்த வருஷக் கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.